நாலு சீலை, மூன்று பயணம், ஒரு போர்வை

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில், ஏ34 வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இந்த வீடு இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வேலியில் துண்டுத்துணிப் போர்வை ஒன்று தொங்கினால் அதைத் தைக்கிற அக்கா வீட்டில் நிற்கிறார். தொங்காவிட்டால் வயலுக்கோ கோயிலுக்கோ போயிருப்பார், திரும்பிப் போக வேண்டியதுதான். கைபேசி இருக்கிறது. ஆனால் அது அநேகமாக மகளோடு வகுப்புக்குப் போய்விடும்.

பழைய சீலைகளில் போர்வை தைத்துக் கொடுப்பது அவருடைய முதல் தொழில். அதோடு பனையோலைச் சாமான்களும் பலகாரமும் தூள் வகைகளும் விற்கிறார். முதல்நாள் மதியத்துக்குள் சொல்லிவைத்தால் சாப்பாடும் உண்டு. போன வைகாசிக்கும் ஆடிக்கும் இடையில் மூன்று தடவை போய்வந்தேன். கிளிநொச்சியில் இருந்து போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுநூறு ரூபாய்க்குக் குறையவில்லை. மார்கழிப் பனி முழுக்க அந்தப் போர்வையை வீட்டில் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கின கையோடு எழுதியிருந்தால் பாதியும் பிழையாகப் போயிருக்கும்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் தொழிலால் வந்தது. தையல் எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குத் தைத்த குழந்தைச் சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. அம்மாதான் இரவோடு இரவாகப் பிரித்துத் தைத்துத் தந்தார். ஆகவே தைக்கத் தெரிந்தவர்கள் பார்க்கிற மாதிரி நான் பார்க்கவில்லை, காசு கொடுத்தவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

அம்மா போய் இரண்டு வருடம். தகரப்பெட்டியில் அவருடைய சீலைகள் இருந்தன. அதிகமில்லை. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், எங்கள் வீட்டுச் சீலைகள் எல்லாம் மண்மூட்டைகளாகப் போய்விட்டன. அந்த நேரம் வன்னிக்குள் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பங்கருக்கு மேல் அடுக்க உரப்பை கிடைக்காதபோது சீலையைக் கிழித்துத்தான் மூட்டை தைத்தோம். அம்மாவின் கூறையும் அதில் ஒன்று. பெட்டிக்குள் இருந்தவை முகாமால் வந்த பிறகு வாங்கிய வீட்டுச் சீலைகள், அநேகம் நூல்சீலை. ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி ஞாபகத்துக்கு என்று இரண்டை வாங்கிக்கொண்டாள். மிச்சம் ஏழு. எடுத்து உடுக்கவும் மனம் வரவில்லை, பூச்சி அரிக்க விடவும் மனம் வரவில்லை. முள்ளியவளையில் இருக்கும் சின்னம்மாதான் இந்த அக்காவைப் பற்றிச் சொன்னார்.

வற்றாப்பளைப் பொங்கலன்று ஏழு சீலைகளையும் ஒரு பையில் கொண்டுபோனேன். கடல்நீரில் விளக்கெரிகிற கோயில் அது, வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுக்க அங்கேதான் நிற்கும். சன நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னை ஒரு கிழவி, “பிள்ளை, நேத்திக்குப் பட்டுச் சாத்தவோ கொண்டு வந்தனீ?” என்று கேட்டார். இல்லை, வெட்டக் கொண்டுபோகிறேன் என்று அந்த இடத்தில் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு நழுவினேன்.

கோயிலால் வரும் வழியில் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினேன். அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விறாந்தையில் பாயை விரித்து, ஒவ்வொரு சீலையாக உதறி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மடிப்பைப் பார்க்கிறாராம். நூல்சீலையை ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டில் நூல் செத்துப்போகும். கண்ணுக்குச் சீலை புதிதாகவே இருக்கும், போர்வையாக்கி இரண்டு முறை தோய்த்ததும் அந்த இடத்தால் கிழியும். அப்படி இளைத்த சீலையை அவர் மேலே போடுவதில்லை, உள்ளே பஞ்சுக்குப் பதில் விரித்துவிடுவார். உள்ளே நல்ல சீலையை வைத்து வீணாக்கவும் விடமாட்டார். இதைக் கேட்டதுமே ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. இருப்பு எடுக்கத் தெரிந்தவர்.

இரண்டு நைலெக்ஸ் சீலைகளை உடனே திருப்பித் தந்தார். வழுக்கும், வேர்க்கும், நூலோடு சேர்ந்து நிற்காது என்றார். நாலு நூல்சீலைகளை எடுத்துக்கொண்டார். ஏழாவது, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறி. அதைப் பிரித்தவர் கரையில் ஒட்டியிருந்த விலைத்துண்டைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

“இதை வெட்ட மாட்டன்.”

“ஏனக்கா, நல்ல நூல்தானே?”

“உடுக்காத சீலை, பிள்ளை. ஒருக்காக்கூட உடுக்காததை நான் வெட்டுறேல்லை. நீங்கள் உடுங்கோ.”

காசு தருகிறவள் நான், சீலையும் என்னுடையது என்று ஒரு சொல் சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குப் பதிலே சொல்லாமல் பையின் அடியில் வைத்துவிட்டார். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பவர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வீடு சரிவராது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் படுக்கிற அளவுக்கு, அதாவது ஐந்தடிக்கு ஏழரை அடி, நாலு சீலை வேண்டும். மேலே துண்டுகள் பொருத்திய ஒரு விரிப்பு, கீழே ஒரு விரிப்பு, நடுவில் இரண்டு. நீங்கள் சீலை கொடுத்தால் மெசின் தையலுக்கு 7,500 ரூபாய், கைத்தையலுக்கு 13,500. சீலையும் அவருடையது என்றால் மேலும் 3,000. பாதி முற்பணம். கொப்பியில் கார்பன் தாள் வைத்து எழுதி, மேல் தாளைக் கிழித்துத் தந்தார். எத்தனை சீலை, என்ன நிறம், எது திருப்பிக் கொடுத்தது எல்லாம் அதில் இருந்தது. எங்கள் கந்தோரிலேயே இப்படி எழுதத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

கைத்தையல் என்றேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. கிளிநொச்சிச் சந்தையில் 3,500 ரூபாய்க்கு மொத்தமான பொலியெஸ்டர் போர்வை கிடைக்கிறது, புலிப்படம் போட்டது. கிட்டத்தட்ட நாலு புலி வாங்கலாம் இந்தக் காசுக்கு.

அன்று பொங்கல் நாள் என்பதால் சாப்பாடு சைவம், 650 ரூபாய். மொட்டைக்கறுப்பன் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, மோர்மிளகாய், எருமைத் தயிர். சோறு சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், மென்று சாப்பிடுகிற பதத்தில் இருந்தது. முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூ அளவோடு. கடைகளில் தேங்காயை அள்ளிப் போட்டு இலையைத் தேட விடுவார்கள். மோர்மிளகாய் உப்பு. சொன்னேன், “அது போன வருசத்துப் போடல்” என்றார், அதோடு விட்டுவிட்டார். கடைசியில் ஒரு சின்னப் பேணி நிறையப் பாலைப்பழம் தந்தார், காசில்லாமல். வைகாசி, ஆனியில் வன்னிக் காட்டுக்குள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும் பழம். பத்துப் பழத்துக்கு மேல் சாப்பிட்டால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நான் முப்பது சாப்பிட்டேன். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான்காரியிடம் விலை கேட்கும்போது வாய் சரியாகத் திறக்கவில்லை.

இரண்டாவது பயணம் வீண். ஆனிக் கடைசியில் வரச் சொன்ன திகதிக்குப் போனேன், போர்வை பாதியில் கிடந்தது. ஒரு கலியாண வீட்டுப் பலகார ஓடர் இடையில் வந்துவிட்டதாம். பலகாரம் உடன் காசு, எனக்கு விளங்கும். ஆனால் ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லியிருக்கலாம். முதல்நாள் நான் எடுத்த மூன்று அழைப்புக்கும் பதில் இல்லை. இதுதான் இந்த வீட்டோடு எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை. கலியாணத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ ஒரு திகதி வைத்துக் கொடுக்காதீர்கள். சொன்ன நாளோடு இரண்டு கிழமை சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

கோபத்தோடு எழும்பிய என்னை ஒடியல் கூழ் வைத்து இருத்திவிட்டார். அது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவைத்த கூழ், எனக்கும் ஒரு பங்கு வந்தது, 500 ரூபாய். ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவை, முதலே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காறல் போகாது. அவசரக்காரர் வைக்கிற கூழில் அந்தக் காறல் தொண்டையில் நிற்கும். இங்கே துளியும் இல்லை. முல்லைத்தீவில் இருந்து காலையில் வந்த நண்டும் இறாலும், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு பிடி முருங்கையிலை, எல்லாம் அதது வேகிற ஒழுங்கில் விழுந்திருந்தன. நண்டு உடைந்து சுண்ணாம்பாகவில்லை, கிழங்கு கரைந்து போகவில்லை. குடிக்கப் பனையோலைப் பிளா. சூட்டில் ஓலை வாசமும் புளி வாசமும் சேர்ந்து மூக்குக்கு வருவது கோப்பையில் கிடைக்காது. உறைப்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. செத்தல்மிளகாயை அரைத்தவர் யாரோடோ கோபித்துக்கொண்டு அரைத்திருக்கிறார். கண்ணால் தண்ணீர் ஓட ஓட இரண்டாவது பிளாவும் வாங்கினேன். சரி, அழைப்பு எடுக்காததைப் பற்றி அன்று பேச முடியவில்லை.

மூன்றாவது தடவை ஆடிப்பிறப்பன்று போனேன். போர்வை தயார்.

பன்னிரண்டு அங்குலச் சதுரங்கள், அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஆறு. நாலு ஓரத்திலும் சீலைகளின் கரையையே வெட்டிச் சட்டம் மாதிரிப் பிடித்திருந்தார். புதுத்துணி ஒன்றும் வாங்கிச் சேர்க்கவில்லை, நூலும் மண்ணிறத்தில் ஒரே நூல். பூ, குருவி, இதயம் போன்ற சோடனைகள் கிடையாது. அந்த மாதிரி வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். நிறங்களை அடுக்கிய விதத்தில்தான் அவருடைய கை தெரிகிறது. அம்மா அடிக்கடி உடுத்த பச்சைச் சீலை வெளிறிப்போயிருந்தது. இடுப்பில் செருகுகிற பக்கம் மட்டும் வெயில் படாமல் கடும் பச்சையாகவே இருந்திருக்கிறது. அந்த இரண்டு பச்சையையும் இரண்டு வேறு துணி மாதிரி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். அந்தச் சீலையில் இரண்டு நிறம் இருந்தது இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அடிமட்டம் வைத்து எண்ணினேன். சிரிக்க வேண்டாம், கைத்தையலுக்கு ஆறாயிரம் ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன். நடுப்பகுதியில் ஒரு அங்குலத்துக்கு ஆறு தையல். ஓரத்துக்கு வர ஐந்து. கால்மாட்டில் ஒரு இடத்தில் நாலு, அது பலகார ஓடருக்குப் பிறகு தைத்ததாக இருக்கும். தையல் வரிகளுக்கு இடையில் இரண்டு விரல் இடைவெளி, எல்லா இடமும் ஒரே அளவு. மறுபக்கம் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் துணிகளுக்கு இடையில் ஒளிந்துவிட்டன. ஒரு மூலையில் கரை மடிந்து சற்றுத் தடிப்பாக இருக்கிறது, காலுக்குத் தட்டுப்படும். அவ்வளவுதான் குறை.

பாரம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பஞ்சு இல்லாததால் மடித்தால் தலையணை அளவுக்குள் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிருக்கு இது தாராளம். மார்கழியில் விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறகு அடிக்கிற பனிக்குக் காலில் மட்டும் குளிர் தெரிந்தது, ஒரு சாரத்தை மேலே போட்டதும் சரி. வேர்க்கவில்லை. சந்தைப் புலிப்போர்வைக்குள் படுத்தால் நடு இரவில் நனைந்து எழும்ப வேண்டும்.

இதுவரை மூன்று தரம் தோய்த்துவிட்டேன். முதல் தோய்ப்பில் சிவப்புத் துண்டு ஒன்றில் இருந்து சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளைத் துண்டில் கால்வாசிக்கு ரோசா நிறம் ஏறிவிட்டது. இதில் அவர் மேல் பிழை இல்லை. தைப்பதற்கு முதல் ஒவ்வொரு சீலையையும் தனித்தனியே உப்புத்தண்ணீரில் ஊறவிட்டுத் தோய்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். எனக்கு அந்தச் செய்தி சின்னம்மா வழியாகப் பாதிதான் வந்து சேர்ந்தது, மற்றைய மூன்றையும் தோய்த்துவிட்டு அந்தச் சிவப்பை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சுருங்குகிற துணி முதலே சுருங்கிவிடும், பிறகு போர்வை சுருக்கம் விழாது.

அன்று காசு வாங்காமல் கிடைத்தது ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். பச்சரிசி மா, வறுத்த பயறு, பல்லுப்பல்லாகத் தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. இதற்குச் சீனி போடுகிற வீடுகளும் இப்போது வந்துவிட்டன, அது பாயாசம், கூழ் அல்ல. ஆடிப்பிறப்பன்று வந்த எவரையும் வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று என்னோடு வந்து நின்ற மீன்காரருக்கும் ஒரு பேணி கொடுத்தார்.

மற்றச் சாமான்களில் நான் வாங்கியவற்றைச் சொல்கிறேன். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி 450 ரூபாய், இரண்டு வாங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அலுமினிய நீத்துப்பானையில் ஆவி மூடியில் பட்டுத் திரும்பிச் சொட்டி, புட்டின் மேல்பக்கம் களியாகும். ஓலை அந்த ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், குரக்கன் புட்டுக்கூட உதிரியாக வரும். முதல் தரம் வெறுமையாக வைத்து ஒருக்கால் அவித்து எடுங்கள், பச்சை ஓலை வாசம் போகும். பாவித்த பிறகு கழுவி, அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூலையில் போட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சணம். பெட்டிகளுக்கான ஓலை பூநகரியில் இருந்து வருகிறது, இழைப்பது அவருடைய மாமியார். சின்னக் கடகமும் நன்றாகப் பொத்தியிருக்கிறார், விளிம்பில் நார் இறுகி நிற்கிறது. ஆனால் நிறச் சாயம் தோய்த்த மூடிப்பெட்டிகளில் இடையிடையே பிளாஸ்ரிக் பட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்களாம். எனக்கு அது ஓலைப்பெட்டிக்கு உதட்டுச்சாயம் பூசின மாதிரி. வாங்கவில்லை.

எள்ளுருண்டை பத்து 400 ரூபாய். எள்ளு உரலில் இடித்தது, பனங்கட்டியோடு சேர்ந்து எண்ணெய் கசியும் பதம். கிளிநொச்சிக்கு நாலுதான் வந்து சேர்ந்தது. கறித்தூள் நல்ல வறுவல், மீன்குழம்புக்குப் பொருந்தும், மரக்கறிக்குக் கொஞ்சம் கறுப்பு.

இருந்து சாப்பிட நாலு கதிரைதான். ஐந்தாவது ஆள் திண்ணையில். மழைக்காலத்தில் ஒழுங்கை சேறாகும், காரில் போகிறவர்கள் வீதியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. காட் எல்லாம் இல்லை, கையில் காசு கொண்டுபோங்கள்.

போர்வை இப்போது என்னிடம் இல்லை. வந்த முதல் கிழமை, பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பழஞ்சீலையா என்று அப்பா என்னை ஏசினார். பிறகு ஒருநாள் மத்தியானம் பார்க்கிறேன், அவருடைய கட்டிலில் கிடக்கிறது. ரோசா நிறம் ஏறிய துண்டைக் காட்டி, “இது வெள்ளையெல்லோ, நான் வவுனியாவில வாங்கிக் குடுத்தது” என்றார். அன்றிலிருந்து பகலிலும் அதை எவரும் எடுக்க முடியாது.

தங்கச்சி தனக்கும் ஒன்று வேண்டும் என்று நாண்டுகொண்டு நிற்கிறாள். தன்னிடம் இருக்கிற இரண்டு சீலையையும் பார்சலில் அனுப்புகிறாளாம், இன்னும் இரண்டு குறைகிறது. கத்தரிப்பூக் கைத்தறியைக் கேட்டாள், அதை அக்கா தொடமாட்டார் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் பெட்டிக்குள்தான், விலைத்துண்டோடு. அப்பாவின் பழைய சாரங்கள் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். தரமாட்டாராம். இன்னும் உடுக்கிறாராம்.